பன்னிரண்டு வயதில் போட்ட ஊசி முப்பதில் காக்குமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட அக்காவையும் அவள் மகளையும் அழைத்துக்கொண்டு திண்டுக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். செவிலியர் குளிர்பெட்டியிலிருந்து சுண்டுவிரல் உயரமுள்ள கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து நன்றாகக் குலுக்கினார். அடியில் படிந்திருந்த வெள்ளை மேலெழுந்து, தெளிந்த நீராக இருந்தது அரிசி களைந்த தண்ணீரைப் போலக் கலங்கியது. அதில் அரை மில்லிலிட்டர்தான் ஊசிக்குள் ஏறியது. "கையைத் தளர விடு பாப்பா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சில சிறுமிகளுக்கு மயக்கம் வரக்கூடும் என்பதால் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் அக்கா, மகளுக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்து, மூன்று ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டாள்: "ஏன்டி, இவளுக்குக் கல்யாணம் ஆகறப்ப இந்த ஊசியோட சக்தி மிச்சம் இருக்குமா?"

அந்தக் கேள்வி அக்காவுக்குத் தானாகத் தோன்றியதன்று. மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோதே கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பற்றி விசாரிக்க அவள் ஒரு மருத்துவரிடம் போயிருந்தாள். "இப்போது போட்டால் இவள் வளர்வதற்குள் வீரியம் குறைந்துவிடும், கல்யாணம் நிச்சயமானதும் அழைத்து வாருங்கள், அப்போது போட்டால்தான் பயன்" என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். மருத்துவரே சொன்னபின் தாய்க்கு வேறென்ன தோன்றும்? அக்கா பேசாமல் இருந்துவிட்டாள். எனக்கு இது தெரியவந்தபோது மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறவள். நோய்த்தடுப்பாற்றல் பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு, சொந்த வீட்டில் இப்படியொரு தவறு நடக்க விட்டுவிட்டேனே என்ற வருத்தம் என்னை விடவில்லை. அதன்பின் கிடைத்த நேரமெல்லாம் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது: இந்தத் தடுப்பூசியின் நெடுங்காலப் பயன், போட்டபின் எத்தனை ஆண்டுகள் ஓடின என்பதைவிட, எந்த வயதில் போடப்பட்டது என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது. அந்த மருத்துவர் சொன்ன இரண்டு பகுதிகளுமே, வீரியம் குறையும் என்பதும் கல்யாணம் வரை காத்திருக்கலாம் என்பதும், தவறானவை.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்.பி.வி., 200க்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்டது. அவற்றுள் ஏறத்தாழ 14 வகைகள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை; அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டும் உலகில் நேரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன. பாலுறவின் வழியாகத் தொற்றும் இந்த வைரஸ், திருமணமான பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்வில் எப்போதாவது வந்தே தீரும். வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் தங்கிவிட்ட சிலருக்குத்தான் கருப்பைவாயின் செல்கள் மெல்ல மெல்ல மாறி, 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாகின்றன. ஆகவே இந்நோய் வந்த பெண்ணின் ஒழுக்கத்தைக் குறித்து யாரும் ஒரு சொல்லும் சொல்வதற்கில்லை. கணவரைத் தவிர வேறு ஆண்முகம் அறியாத பெண்களே இந்நோயாளிகளில் மிகுதி என்பதை எங்கள் பக்கத்துச் செவிலியர்கள் எல்லோரும் அறிவார்கள்.

என் பெரியம்மா இந்த நோயால்தான் இறந்தார். மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் ஆனபின் மீண்டும் உதிரம் பட ஆரம்பித்ததை அவர் ஓராண்டுக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. கொல்லைப்புறக் கொடியில் நனைந்த சேலையை விரித்துப் போட்டு, அதன் அடியில் துணிகளை மறைத்துக் காயவைத்திருந்ததை ஒருநாள் சேலையை எடுக்கப் போன நான்தான் பார்த்தேன். மதுரைக்கு அழைத்துப் போனபோது நோய் சிறுநீர்ப்பைவரை பரவியிருந்தது. 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொடிதான் நினைவுக்கு வருகிறது.

அக்காவின் ஐயத்தில் ஒரு நியாயம் இருந்ததையும் நான் மறுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஊசி, ரண ஜன்னியைத் தடுக்கும் டி.டி. ஊசி. ஒவ்வொரு பிள்ளைப்பேற்றின்போதும் போட்டார்கள், காலில் ஆணி குத்தினாலும் போட்டார்கள். போட்ட ஊசியின் பலன் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும், மறுபடி போட வேண்டும் என்பதே அவள் பட்டறிவு. ஆனால் ஹெச்.பி.வி. தடுப்பூசி வேறுவிதமாகச் செய்யப்பட்டது. 1991இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இயன் ஃபிரேசர், ஜியான் சோ என்ற இருவரும், இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கினால் அது தானாகவே ஒன்றுகூடி வைரஸின் வடிவத்தை எடுக்கும் என்று கண்டார்கள். உள்ளே மரபுப் பொருள் கிடையாது. அதனால் தொற்றை உண்டாக்கவும் முடியாது. வெற்று ஓடு என்று சொல்லலாம். (அந்தக் கண்டுபிடிப்பு 2006இல் தடுப்பூசியாக மக்களிடம் வந்ததைப் பார்க்க ஜியான் சோ இல்லை, 1999லேயே இளவயதில் இறந்துவிட்டார்.) ஓர் ஓட்டில் 360 புரத மூலக்கூறுகள் ஒழுங்கான வரிசையில் மீண்டும் மீண்டும் அமைந்திருக்கின்றன. இத்தகைய ஒழுங்கான அடுக்கைக் கண்டால் நம் உடலின் தடுப்பாற்றல் மண்டலம் வழக்கத்தைவிடக் கடுமையாக விழித்துக்கொள்கிறது. கிருமியை மறிக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜையில் போய்க் குடியேறி, பல ஆண்டுகள் அங்கேயே இருந்து சுரந்துகொண்டே இருக்கின்றன.

இயற்கையாக வரும் தொற்று இந்த வேலையைச் செய்வதில்லை. இந்த வைரஸ் தோலின் மேலடுக்கிலேயே வளர்ந்து, இரத்தத்துக்குள் போகாமல், செல்களைச் சிதைத்து அமளி செய்யாமல் பதுங்கியிருப்பதால் உடல் அதைச் சரியாகக் கவனிப்பதே இல்லை. தொற்று வந்த பெண்களில் கணிசமானோருக்கு அளவிடத்தக்க எதிர்ப்பொருளே உருவாவதில்லை. தடுப்பூசி தசைக்குள் போவதால் நிலைமை தலைகீழாகிறது. எதிர்ப்பொருளின் அளவு ஊசி முடிந்த மறுமாதத்தில் உச்சத்தைத் தொட்டு, அடுத்த ஒன்றரை இரண்டு ஆண்டுகள்வரை இறங்கி, அதன்பின் இறங்காமல் சமதளமாக நீள்கிறது. அந்தச் சமதளமே இயற்கைத் தொற்றில் உண்டாவதைவிடப் பல மடங்கு உயரத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் வரும் இறக்கத்தை மட்டும் பார்த்தவர்கள் வீரியம் குறைகிறது என்று சொல்லியிருக்கக்கூடும். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நேர்கோடாகப் போகும் பகுதியைப் பார்க்க யாரோ மறந்துவிட்டார்கள்.

எதிர்ப்பொருள் இருக்கட்டும், நோய் வந்ததா இல்லையா என்பதுதானே தாய்க்கு வேண்டும்? அதற்கும் விடை இருக்கிறது. டென்மார்க், நார்வே, சுவீடன், ஐஸ்லாந்து ஆகிய நான்கு நாடுகளில், நான்குவகைத் தடுப்பூசியின் (வைரஸின் நான்கு வகைகளைத் தடுப்பது) தொடக்க ஆய்வில் 16 முதல் 23 வயதில் சேர்ந்த பெண்களை, அந்நாடுகளின் மருத்துவப் பதிவேடுகளின் துணையோடு 14 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தொற்று இல்லாத நிலையில் முறைப்படி எல்லாத் தவணைகளையும் பெற்ற பெண்களிடையே, 16ஆம் வகையாலோ 18ஆம் வகையாலோ புற்றுநோய்க்கு முந்தைய கடுமையான செல்மாற்றம் ஒன்றுகூட வரவில்லை. அவர்களுள் சிலருக்கு 18ஆம் வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் ஒருவகைச் சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்திருந்தது. அவர்களிடமும் நோய் வரவில்லை. எவ்வளவு குறைந்த எதிர்ப்பொருள் போதும் என்ற அளவுகோலே கிடைக்காமல் அறிவியலாளர்கள் நிற்பதற்குக் காரணம், பாதுகாப்பு முறிந்த பெண்கள் போதிய எண்ணிக்கையில் கிடைக்காததுதான் என்று படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

கோஸ்டாரிகாவில் குவானகாஸ்டே என்ற மாநிலத்தில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் 18 முதல் 25 வயதுள்ள 7,466 பெண்கள் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். 11 ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, 16, 18 வகைகளால் வரும் முன்புற்று நிலைகளை இருவகைத் தடுப்பூசி 97 விழுக்காடு தடுத்திருந்தது. ஏழாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரையிலான காலத்தைத் தனியே எடுத்தால் அது 100 விழுக்காடு. காலம் போகப் போக வீரியம் தேய்வதாக இருந்தால் கணக்கு வேறு திசையில் அல்லவா போயிருக்க வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு மறுப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: இவை எல்லாம் முன்நிலை மாற்றங்களைத்தானே அளந்தன, புற்றுநோயையே தடுத்ததாக எங்கே காட்டினார்கள் என்பதுதான் அது. புற்றுநோயாக முற்ற 15 ஆண்டுகள் எடுக்கும் நோயில், கண்டுபிடித்த மாற்றத்தை அகற்றாமல் அது புற்றாகட்டும் என்று காத்திருக்கும் ஆய்வை மனச்சான்று உள்ள எவரும் நடத்த மாட்டார்கள். ஆகவே தடுப்பூசி பெற்ற தலைமுறை வளரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020இல் சுவீடனிலிருந்து முதல் பெரிய விடை வந்தது. 10 முதல் 30 வயது வரையிலான 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளை 2006 முதல் 2017 வரை ஆராய்ந்தார்கள். தடுப்பூசி பெற்றவர்களில் 19 பேருக்கும், பெறாதவர்களில் 538 பேருக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்திருந்தது. பெறாதவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் இந்த இரு எண்களை நேராக ஒப்பிடக் கூடாது. அதையெல்லாம் சரிசெய்து பார்த்தபின்பும், 17 வயதுக்குமுன் தடுப்பூசி பெற்றவர்களுக்கு நோய் 88 விழுக்காடு குறைந்திருந்தது. 17 முதல் 30 வயதுக்குள் பெற்றவர்களுக்கு 53 விழுக்காடுதான் குறைந்திருந்தது.

மறு ஆண்டே இங்கிலாந்தின் கணக்கு வந்தது. 2008 செப்டம்பரில் பள்ளிகளில் தொடங்கிய திட்டம் அது. 12, 13 வயதில் தடுப்பூசி வழங்கப்பட்ட தலைமுறையில் புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்திருந்தது. 14 முதல் 16 வயதில் வழங்கப்பட்டவர்களில் 62 விழுக்காடு. 16 முதல் 18 வயதில் வழங்கப்பட்டவர்களில் 34 விழுக்காடு. இது தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களை மட்டும் எண்ணிய கணக்கன்று, அந்த வயதில் அது வழங்கப்பட்ட எல்லாப் பெண்களையும், மறுத்தவர்களையும் சேர்த்து எண்ணிய கணக்கு. டென்மார்க்கிலும் இதே படிக்கட்டுதான் தெரிந்தது: 16 வயதுக்குள் 86 விழுக்காடு, 17 முதல் 19 வயதில் 68 விழுக்காடு, 20 வயதைக் கடந்தபின் குறைவே தென்படவில்லை. 2024 தொடக்கத்தில் ஸ்காட்லாந்து வெளியிட்ட ஆய்வில், 12 அல்லது 13 வயதில் தடுப்பூசி பெற்ற பெண்களில், எத்தனை தவணை பெற்றிருந்தாலும் சரி, ஊடுருவும் புற்றுநோய் ஒருவருக்கும் வரவில்லை. ஒருவருக்கும். நான் அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

மருந்து ஒன்றே, வைரஸ் ஒன்றே. வயது மட்டுமே பலனை இப்படிப் படிப்படியாக இறக்குகிறது. காரணம் எளிது. இந்தத் தடுப்பூசி வரப்போகும் வைரஸைத் தடுக்குமே தவிர, வந்து தங்கிவிட்டதை விரட்டாது. கோஸ்டாரிகா ஆய்விலேயே, ஏற்கெனவே தொற்று இருந்த பெண்களுக்கு ஊசி போட்டதால் அந்தத் தொற்று விரைவில் நீங்கவில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். கதவைப் பூட்டுவது திருடன் வருமுன் செய்ய வேண்டியது என்று வகுப்பில் சொல்வேன். கல்யாணத்துக்கு முன் என்பது காப்பான கணக்குத்தானே என்று சிலர் கேட்கலாம். நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே புடவை, பத்திரிகை, மண்டபம் என்று அலையும் வீட்டில் இந்த ஊசி யாருக்கு நினைவிருக்கும்? மேலும், நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் முதல் பாலுறவு அவர்களின் விருப்பத்தாலும் திருமணத்துக்குப் பின்னும்தான் நேர்கிறது என்று எந்தத் தாயாலும் உறுதி கூற முடியாது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனால் ஆசிரியையாக நான் அறிந்தவற்றை வைத்து எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. இன்னொன்றும் உண்டு: 9 முதல் 14 வயதுச் சிறுமிகளின் உடல், 16 வயதைக் கடந்த பெண்களின் உடலைவிட அதிக எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அதனால்தான் பெரியவர்களுக்கு மூன்று தவணை என்றிருந்த காலத்திலேயே சிறுமிகளுக்கு இரண்டு போதும் என்று முடிவெடுத்தார்கள். காத்திருப்பதால் கூடுவது ஒன்றுமில்லை, குறைவதுதான் உண்டு.

ஒரு நாடே இப்படிக் காத்திருந்து பார்த்தது. ஜப்பானில் 2013 ஜூன் மாதம், பக்கவிளைவுகள் பற்றிச் செய்தித்தாள்களில் கிளம்பிய அச்சத்தால் அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. சுமார் 70 விழுக்காடாக இருந்த தடுப்பூசி விகிதம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது. பரிந்துரை திரும்ப வந்தது 2022 ஏப்ரலில். இடைப்பட்ட காலத்தில் 12 வயதாக இருந்த சிறுமிகள் வளர்ந்துவிட்டார்கள். விடுபட்ட பெண்களுக்கு இலவசமாக ஊசி போடப் பின்னர் ஏற்பாடு செய்தார்கள், ஆனால் கடந்துபோன வயதை எந்த அரசாங்கமும் திருப்பித் தர முடியாது.

நம் நாட்டின் கதையை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் மாவட்டத்துக்கும் பங்கு இருக்கிறது. 2009இல், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தியாவில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 10 முதல் 18 வயதுள்ள, திருமணமாகாத 20,000 சிறுமிகளுக்கு இரண்டு தவணை போதுமா மூன்று வேண்டுமா என்று பார்ப்பது நோக்கம். மும்பை, புனே, பார்ஷி, ஐதராபாத் முதலிய இடங்களோடு, ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையமும் ஆய்வு மையங்களில் ஒன்றாக இருந்தது. இதே காலத்தில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் முற்றிலும் வேறான ஒரு செயல்விளக்கத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அதில் தடுப்பூசி பெற்ற சிறுமிகளில் ஏழு பேர் இறந்த செய்தி நாடு முழுவதும் பரவியது. அரசு அமைத்த விசாரணைக் குழு, அந்த இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றது. ஆனால் ஒப்புதல் பெற்ற முறையில் கடும் குறைகள் இருந்தன என்பதும் வெளிவந்தது. பழங்குடிச் சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். அது மன்னிக்கத்தக்க பிழையன்று. ஏழை வீட்டுப் பெண்ணின் உடலுக்கும் அவள் தாய் தந்தையின் சம்மதம் வேண்டும். மக்கள் கொண்ட சினத்தில் நியாயம் இருந்தது. அந்தச் சினத்தின் விலையைத்தான் வேறு சிறுமிகள் கொடுக்க நேர்ந்தது.

2010 ஏப்ரலில் இவ்வகை ஆய்வுகள் அனைத்திலும் ஊசி போடுவதை அரசு நிறுத்தச் சொன்னது. அம்பிளிக்கை உள்ளிட்ட மையங்களில் அதுவரை 17,729 சிறுமிகள் தடுப்பூசி பெற்றிருந்தார்கள். சிலர் மூன்று தவணையும் முடித்திருந்தார்கள், சிலர் இரண்டு. ஏறத்தாழ 4,950 பேர் முதல் ஊசியோடு நின்றுபோயிருந்தார்கள். ஆய்வு கெட்டுப்போனது என்று கைவிட்டிருக்கலாம். ஆய்வாளர்கள் கைவிடவில்லை. அந்தச் சிறுமிகள் வளர்ந்து, திருமணமாகி, வேறு ஊர்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபின்னும் அவர்களைத் தேடிப்போய் மாதிரி எடுத்தார்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் தொப்பம்பட்டிக்கும் இடையே உள்ள கிராமங்களை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும், மணமாகிப் போன ஒரு பெண்ணின் முகவரியை அவள் பிறந்த வீட்டில் கேட்டு வாங்குவது எத்தனை நடைக்குப்பின் கைகூடும் வேலை என்று. 2021இல் முடிவு வெளியானது. சராசரியாக ஒன்பது ஆண்டுகள் கடந்தபின்னும், 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை மூன்று தவணை 93 விழுக்காடு தடுத்திருந்தது. இரண்டு தவணையும் 93 விழுக்காடு. தடைபட்டு நின்றுபோன அந்த ஒற்றைத் தவணை 95 விழுக்காடு.

யாரும் திட்டமிடாத அந்த முடிவு உலகின் கொள்கையையே மாற்ற உதவியது. கென்யாவில் 15 முதல் 20 வயதுப் பெண்களிடம் முறையாக நடத்திய ஆய்விலும் ஒரே தவணை 97 விழுக்காட்டுக்கு மேல் பலன் தந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்று அறிவித்தது. ஒன்று போதும் என்றால் அதே பணத்தில் இரு மடங்கு சிறுமிகளைக் காக்கலாம். பள்ளிக்கு இரண்டாம் முறை போகும்போது வராமல்போகும் பிள்ளையைத் தேட வேண்டியதில்லை. இலங்கை 2017 முதலே பள்ளிகளில் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு இதைப் போட்டுவருகிறது. சிக்கிம் 2018இல் மாநிலம் முழுவதும் போட்டது. தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியதாக அறிவித்தபோது, ஆசிரியர் அறையில் நான் சத்தமாகவே படித்துக் காட்டினேன்.

படித்தவுடன் எழுந்த முதல் கேள்வி, பிள்ளை பிறக்காமல் போய்விடுமாமே என்பதுதான். எங்கள் பக்கத்தில் எல்லா ஊசியையும் துரத்தும் வதந்தி அது. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு, அதுவரை உலகெங்கும் வினியோகிக்கப்பட்ட 27 கோடிக்கும் மேற்பட்ட தவணைகளின் தரவுகளை ஆராய்ந்து, கருவுறுதலைக் கெடுப்பதாக எந்தச் சான்றும் இல்லை, மிகப் பாதுகாப்பானது என்று கூறியது. கை வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும், சிலர் மயங்குவார்கள். அக்கா மகளுக்கு இரண்டு நாள் பையைத் தோளில் மாட்டினால் வலித்தது.

அதனால் மருத்துவமனையின் அந்த மர பெஞ்சில் அக்காவுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "இருக்கும்க்கா. அவளுக்குக் கல்யாணம் ஆகும்போதும் இருக்கும், பிள்ளை பிறக்கும்போதும் இருக்கும். ஆனா முப்பது வயசுக்கு மேல பரிசோதனைக்கு மட்டும் போகணும்." இரண்டாவது சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நம்பிக்கையான ஊசி என்றால் பரிசோதனை எதற்கு? ஏனெனில், நான்குவகைத் தடுப்பூசி, புற்றுநோயை உண்டாக்குபவற்றில் 16, 18 வகைகளைத்தான் முதன்மையாகத் தடுக்கிறது. மீதியுள்ள 30 விழுக்காட்டுப் புற்றுநோய்கள் வேறு வகைகளால் வருகின்றன. ஒன்பதுவகைத் தடுப்பூசி அந்த எல்லையை ஏறத்தாழ 90 விழுக்காடு வரை விரிக்கிறது, ஆயினும் நூறு ஆகாது. ஊசி எவ்வளவு காலம் காக்கிறது என்பதும் எதையெல்லாம் தடுக்கிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு விடை மகிழ்ச்சியானது என்பதால் இரண்டாவதை மறந்துவிடக் கூடாது.

"அப்ப எனக்கு?" என்றாள் அக்கா. அவளுக்கு 46 வயது. தடுப்பூசி அவளுக்கு இனி பெரிதாக எதுவும் செய்யாது. ஆனால் அவளுக்கான வழியும் எங்கள் மாவட்டத்திலேயே நிறுவப்பட்டதுதான். 2000ஆம் ஆண்டில் தொடங்கி, அதே அம்பிளிக்கை மையத்தின் துணையோடு, திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வீட்டில் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரின் அமிலம்தான். ஒரு நிமிடம் பொறுத்தால், மாறிய செல்கள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஒரே ஒரு முறை செய்த அந்தப் பரிசோதனையால் அந்தப் புற்றுநோயில் இறப்பது 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் உலகுக்குக் காட்டினார்கள். பெரியம்மாவின் ஊருக்கும் அந்தச் செவிலியர்கள் வந்திருந்தார்கள். அவர் அன்றைக்குக் களையெடுக்கப் போய்விட்டதாகச் சொல்லி, வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். பச்சைத் திரைக்குப் பின்னால் அவள் போய்த் திரும்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "வெள்ளை எதுவும் இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே சேலையைச் சரிசெய்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ போகலையாடி?" என்றாள். 39 வயதாகியும் நான் ஒருமுறையும் போனதில்லை. கைப்பையையும் செல்போனையும் அவளிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, திரைக்குப் பின்னால் போனேன்.